தடுப்பூசியும் பிறநோய்களும்

ஒரு நோயைத் தடுக்க ஏற்றும் ஊசி, குழந்தையின் உடலைத் தளர்த்திப் பிறநோய்களுக்கு இடங்கொடுக்குமோ என்னும் ஐயம் பெற்றோர்க்கு எழுவதுண்டு. இஃது ஆராய்ந்து தெளியத்தக்கதே. டென்மார்க்கில் 1990 முதல் 2001 வரை பிறந்த 805,206 குழந்தைகளின் பதிவுகள் ஆராயப்பட்டன. தடுப்பூசியினால் வேறு தொற்றுநோய்கள் மிகுந்து, வைத்தியசாலை சேர்வோர் தொகை பெருகிற்று எனக் கொள்ள, 2005இல் வெளியான அவ்வாய்வு இடந்தரவில்லை. பல நோய்களை ஒருங்கே தடுக்கும் கூட்டூசிக்கும் இதுவே முடிபு.

உண்மையில் உடலை அவ்வாறு தளர்த்துவது சின்னமுத்து நோயே. நெதர்லாந்தில் ஊசி பெறாது அந்நோயுற்ற 77 சிறுவரின் குருதி சோதிக்கப்பட்டது. பிறநோய்களை எதிர்க்க அவர்கள் முன்னரே பெற்றிருந்த பிறபொருளெதிரிகளுள் நூற்றுக்கு 11 முதல் 73 வரை அழிந்தமை 2019இல் வெளியாயிற்று. ஊசி பெற்றாரிடம் இவ்வழிவு காணப்படவில்லை. ஆதலின், சின்னமுத்து ஊசியை அஞ்சி விலக்குவோர், தாம் அஞ்சிய தீங்கிற்கே பிள்ளையை ஆளாக்குகின்றனர்.