பக்கத்துத் தெருவில்தான் நடக்கிறதா?

"வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுகிறவர்கள்தானே பெண்டாட்டியை அடிக்கிற பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள்?" ஆஸ்திரேலியாவைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நம் தேசியக் குடும்பநல ஆய்வில் ஏழு காரணங்களைச் சொல்லி, இதற்காகக் கணவன் மனைவியை அடிக்கலாமா என்று கேட்பார்கள். சொல்லாமல் வெளியே போனது, எதிர்த்துப் பேசியது, சமையல் சரியில்லாதது, மாமனார் மாமியாரை மதிக்காதது என்று போகும் அந்தப் பட்டியல். 2019–21 ஆய்வில் பெண்களில் 45 சதவீதம் பேரும் ஆண்களில் 44 சதவீதம் பேரும் ஏதாவது ஒன்றுக்காவது 'அடிக்கலாம்' என்றார்கள். அடிபடுகிறவளே ஒப்புக்கொள்கிறாளே என்று படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது. ஆனால் இது ஊரில் இருப்பவர்களின் கணக்கு. விமானம் ஏறிப் போனவர்களின் மனசை அங்கே போய்த்தான் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைப் பற்றி மக்களிடம் ஆய்வு நடத்திக் கேட்கிறார்கள். 2021இல் சுமார் 19,100 பேரிடம் கேட்டார்கள். பிறந்த நாட்டை வைத்து வித்தியாசம் தெரியத்தான் செய்தது. ஆங்கிலம் பேசாத நாடுகளில் பிறந்தவர்களிடம் வன்முறையைப் பற்றிய புரிதல் சற்றுக் குறைவு. ஆனால் ஒருவர் வன்முறையைப் பொறுத்துப்போவாரா மாட்டாரா என்பதை அதைவிட நன்றாகக் காட்டியது, ஆணும் பெண்ணும் சமம் என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை. வீட்டில் ஆண் வைத்ததுதான் சட்டம் என்று நினைப்பவர் மதுரையிலும் பிறந்திருக்கலாம், மெல்போர்னிலும் பிறந்திருக்கலாம்.

அதே ஆய்வில் இன்னொன்று. பெண்கள்மீதான வன்முறை நாட்டின் பிரச்சினை என்று 91 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் பகுதியில்? 47 சதவீதம்தான். பலருக்கும் அது வேறு எங்கோ நடக்கிறது. குடியேறியவர்கள்மேல் பழியைப் போடுவதும் அந்த மனப்பழக்கத்தின் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன்.

குடியேறிய பெண்ணுக்கு உண்மையிலேயே வேறுபடுவது, தப்பிக்கிற வழி. "விசாவை ரத்து பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன்" என்ற ஒரு மிரட்டலே அவள் வாயை அடைத்துவிடும். ஆனால் துணைவர் விசாவில் போனவர், வன்முறையால் உறவு முறிந்தாலும், அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமையைக் கேட்கலாம். அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. எல்லா விசாவுக்கும் இது பொருந்தாது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் வீட்டார், எந்த விசாவில் போகிறாள் என்பதைப் பயணத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.