காரின் ஸ்டியரிங் குழாய்களும் துருவும்

இரும்பு வலியது, ஆயினும் அதனை உண்ணும் துரு அதனினும் வலியது. அரசர் வாளையும் உழவர் கொழுவையும் அரித்த அப்பகையே இக்காலத்து மோட்டார் கார்களின் அடிப்பாகத்தும் மறைந்திருந்து தன் தொழிலைச் செய்து வருகின்றது. அதன் வாய்ப்பட்டு அழிவனவற்றுள் பவர் ஸ்டியரிங் குழாய்களும் சில. அவை யாவை, அவை கெடுவது எங்ஙனம், வீட்டிலேயே அவற்றை மாற்றுமாறு யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இஃது எற்றுக்கெனின், கைத்தொழிலாளர் நாடோறும் கையாளும் பொருள்களைத் தெளிவுறச் சொல்லமாட்டாத மொழி ஏட்டளவில் நின்றுவிடும் என்பதே எம் விடை.

நிற்குங் காரின் முன்சக்கரங்களைத் திருப்புதற்குக் கைவலி மிக வேண்டும். அவ்வருத்தத்தைக் குறைத்தற்பொருட்டு, எஞ்சினாற் சுழற்றப்படும் பம்ப் ஒன்று ஆயிலை அழுத்தித் தள்ளுகின்றது. அவ்வழுத்தம் சக்கரத்தைத் திருப்பும் பொறிக்குத் துணை செய்கின்றது. அமெரிக்கப் பொறிவல்லுநராகிய பிரான்சிஸ் டேவிஸ் என்பார் 1926ஆம் ஆண்டில் இத்தகைய அமைப்பை ஒரு காரிற் பொருத்திக் காட்டினார். 1951ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனத்தார் தம் விற்பனைக் கார்களில் இதனை அமைத்தனர். இன்று புதிய கார்கள் பலவற்றில் மின்மோட்டாரே இத்துணையைச் செய்தலின், அவற்றிற்கு ஆயிலுமில்லை, குழாயுமில்லை. ஆயினும் ஆயிலால் இயங்கும் பழைய கார்கள் இன்னும் பல ஓடுகின்றன.

இக்குழாய்கள் இருவகையின. பம்பிலிருந்து ஸ்டியரிங் பொறிக்கு ஆயிலைக் கொண்டு செல்வது அழுத்தக் குழாய். அங்கிருந்து ஆயில் மீண்டு வருவது மீள்குழாய். சக்கரத்தை முற்றத் திருப்புங்கால் அழுத்தக் குழாயினுள் காற்றழுத்தத்தைப்போல் எழுபது மடங்கு முதல் நூறு மடங்கு வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் அழுத்தம் எழும். மீள்குழாயில் அழுத்தம் சிறிதே. பல கார்களில் இம்மீள்குழாய் ஆயிலைக் குளிர்விக்கும் பொருட்டு ரேடியேட்டரின் முன்னே வளைந்து செல்லும். சாலைநீர் முதலிற் படுவது அவ்விடமாதலின், துருவும் அவ்விடத்தே விரைந்து பற்றுகின்றது.

இனித் துருவின் இயல்பைக் காண்போம். இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் கூடின் துரு பிறக்கும். நீரில் உப்புக் கலந்தவழி அது மின்னை எளிதிற் கடத்துதலால் இச்செயல் பன்மடங்கு விரைகின்றது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து முதலிய குளிர்நாடுகளில் பனிக்கட்டி உறையாதபடி மாரிக்காலத்திற் சாலைகளில் உப்பைத் தூவுவர். அவ்வுப்புநீர் காரின் அடியெங்கும் தெறித்துப் படிகின்றது. 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தின் இரும்பைக் கடற்காற்று அரித்த வரலாற்றை அறிந்தார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. குழாயைத் தாங்கும் கிளிப்புகளின் இடுக்கில் உப்புச்சேறு தங்கி ஈரம் உலராமையின், வெளியே நன்கு தோன்றும் குழாயும் கிளிப்பின் கீழே அரிபட்டிருத்தல் உண்டு. குழாய்ச் சுவரின் கனமோ ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே. ஆதலின் மேற்றோல் செதிள் செதிளாக உதிரத் தொடங்கின், பின்னர் நெடுநாள் தாங்காது.

ஒழுகினால் வருங் கேடு யாதெனின், ஆயில் தீர்ந்தவுடன் ஸ்டியரிங் திடீரெனக் கனக்கும். சக்கரங்களோடு தொடர்பு அறாதாயினும், அதனை எதிர்பாராதார் வளைவில் இடர்ப்படுவர். ஆயிலின்றிச் சுழலும் பம்பும் தேய்ந்தழியும். சூடேறிய புகைக்குழாயின்மேல் ஆயில் சிந்தின் தீப்பற்றுதலுங் கூடும். இவை கருதியே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் நாடுகளில் மூன்றாண்டு நிரம்பிய கார்களுக்கு ஆண்டுதோறும் நடத்தும் பரிசோதனையில், இக்குழாய்கள் மிக அரிபட்டிருப்பின் காரைத் தேர்ச்சி பெறவிடார்.

வீட்டிற் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். மீள்குழாயைப் பொறுமையுடையார் தாமே மாற்றலாம். அதற்குரிய புதுக்குழாய் கிடையாதாயின், செம்பும் நிக்கலும் கலந்த, துருவேறாத குழாயை வளைத்து அமைத்துக்கொள்ளலாம்; அதனை இணைக்கும் ரப்பர் ஹோஸ் ஆயிலுக்கென்றே செய்ததாதல் வேண்டும். நீர் செல்லும் ரப்பர் ஆயிலில் ஊறிக் கெடும். அழுத்தக் குழாயையோ இடையில் அறுத்து ஹோஸும் கிளிப்பும் இட்டு ஒட்டுதல் ஒருபோதும் கூடாது. அதனை முழுமையாக வாங்கியோ, அவ்வழுத்தத்தைத் தாங்குமாறு செய்து தரும் பட்டறையிற் பெற்றோ பொருத்துக.

தொழில் தொடங்குமுன் எஞ்சின் ஆறட்டும். காரைச் சமதரையில் நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் முன்புறத்தை உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் இருத்துக. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழ் நுழைந்து உயிரிழந்தார் பலர். எஞ்சின் ஓடுங்கால் ஒழுக்கைக் கைவிரலால் தடவிப் பார்த்தலும் ஆகாது. ஊசித்துளையினின்று பாயும் ஆயில் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதெனத் தோன்றினும் உடனே அறுவை மருத்துவம் வேண்டும். ஓர் அட்டைத்துண்டை நீட்டியே ஒழுக்கைக் காண்க.

இணைப்புகளைக் கம்பித்தூரிகையால் துலக்கி, துருவிளக்கும் எண்ணெயிட்டு ஓரிரவு ஊறவிடுக. குழாய் செல்லும் வழியைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்க. பின்னர் ஆயில் தொட்டியிலுள்ளதை உறிஞ்சியெடுத்து, கீழே தட்டு வைத்து, நட்டைக் கழற்றுக. சாதாரண ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். குழாய் நுழைய ஒருபுறம் வாய்திறந்த வளைய ஸ்பேனரே தக்கது. எதிர்ப்புறத்தை மற்றொரு ஸ்பேனராற் பற்றிக்கொள்ளின் ஏனைய உறுப்புகள் முறுகா. கழற்றியவுடன் திறந்த வாய்களை மூடுக. ஒரு மணல்துகளும் பம்பைக் கெடுக்கும்.

புதுக்குழாயைப் பழைய வழியிலேயே செலுத்துக. பழைய ஓரிங்குகளையும் வாஷர்களையும் மீண்டும் இடற்க. நட்டுகளை முதலிற் கைவிரலாற் பல சுற்று ஏற்றியபின்னரே ஸ்பேனராற் காரின் கையேடு கூறும் அளவிற்கு இறுக்குக. குழாய் எங்கும் உரசாமலும் புகைக்குழாயை அணுகாமலும் இருத்தல் வேண்டும்.

எஞ்சியது காற்றைப் போக்குதல். கையேடு குறித்த ஆயிலையே தொட்டியில் நிரப்புக; எல்லாக் கார்களுக்கும் ஒரே ஆயில் ஆகாது. முன்சக்கரங்கள் தரையிற் படாதிருக்க, எஞ்சினை ஓட்டாமலே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லத் திருப்புக. இருபது முறையேனும் இங்ஙனம் செய்து, குறையுந்தோறும் ஆயில் ஊற்றுக. குமிழிகள் அடங்கியபின் எஞ்சினை ஓட்டி மீண்டும் திருப்புக. கோடியில் சில நொடிகளுக்குமேல் நிறுத்தற்க. ஆயில் நுரைத்தாலோ பம்ப் முனகினாலோ காற்று இன்னும் உளதென்க. ஒழுக்கின்மை கண்டபின், காரை இறக்கிச் சிறிது தொலைவு மெதுவாக ஓட்டிப் பார்த்து மறுபடியும் சோதிக்க. பழைய ஆயிலைச் சாக்கடையிற் கொட்டாது, அதனைப் பெறுமிடத்தில் ஒப்படைக்க.

இத்தனையும் முடித்தார் காரை ஸ்டாண்டினின்று இறக்குமுன் பிரேக் குழாய்களையும் ஒருமுறை நோக்குவாராக. அவையும் அதே இரும்பால் ஆயவை. அதே உப்பில் நனைந்தவை. ஸ்டியரிங் குழாய் அற்றாற் கை வருந்தும். பிரேக் குழாய் அற்றாலோ காரை நிறுத்துதல் அரிதாம். குழாயில் ஐயம் எழுந்தவழியும், நட்டு அசையாதவழியும், தேர்ந்த தொழிலாளரை நாடுதல் இழுக்கன்று. சாலையிற் செல்வார் அனைவருடைய உயிரும் அம்மெல்லிய குழாயைச் சார்ந்து நிற்றலின், அவ்வளவில் நிறுத்தத் தெரிதலும் தொழிலறிவின் ஒரு கூறேயாம்.