லண்டனில் 30,000 ரூபாய் சாப்பாடு... நம்ம கம்பும் தட்டைப்பயறும் அதற்கு உறவா?

ஒரு ஆள், ஒரு வேளை சாப்பிட 300 பவுண்டுக்கு மேல். நம்ம ஊர்ப் பணத்தில் 30,000 ரூபாயைத் தாண்டும். இவ்வளவு கொடுத்தும் 'இது வேணும், அது வேணாம்' என்று மெனு கார்டைப் பார்த்து ஆர்டர் செய்ய முடியாது. செஃப் எதைச் சமைத்து அனுப்புகிறாரோ அதைத்தான் சாப்பிட வேண்டும்.

லண்டனில் ஸ்ட்ராண்ட் சாலையில் இருக்கும் 'இகோயி' ரெஸ்டாரன்ட்டின் கதைதான் இது. பிரெஞ்சு சாஸோ இத்தாலிய சீஸோ இங்கே ஹீரோ கிடையாது. நைஜீரியா, கானா, செனகல் பக்கத்து மேற்கு ஆப்பிரிக்க மசாலாக்கள்தான் ஹீரோ!

'அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று சேலத்திலோ நாமக்கல்லிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. உங்கள் சமையலறை அலமாரியைத் திறந்தாலே தெரியும்.

வந்ததைச் சாப்பிடும் விருந்து

இகோயியில் பரிமாறுவதற்கு 'டேஸ்ட்டிங் மெனு' என்று பெயர். நம்ம கல்யாணப் பந்தியில் பொரியல், கூட்டு, வடை, பாயசம் எல்லாம் ஒரே இலையில் வந்துவிடும். இங்கே அப்படியில்லை. இரண்டு வாய், மூன்று வாய் அளவில் ஒவ்வொரு பதார்த்தமாகத் தனித்தனித் தட்டில் வரும். ஒன்றைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அடுத்தது. முழுதாக முடிய இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகும்.

இகோயியை 2017-ல் ஆரம்பித்தவர்கள் இரண்டு நண்பர்கள். ஒருவர் செஃப் ஜெரமி சான். இன்னொருவர் நைஜீரியாவைச் சேர்ந்த இரே ஹசன் ஒடுகாலே. அந்நாட்டின் லாகோஸ் நகரில் உள்ள ஒரு பகுதியின் பெயர்தான் இகோயி. பிரிட்டனில் அந்தந்தப் பருவத்தில் கிடைக்கும் காய்கறி, மீன், இறைச்சியை எடுத்து, மேற்கு ஆப்பிரிக்க மசாலாக்களோடு சேர்ப்பது இவர்கள் பாணி. அந்த ஊர் மக்கள் கொண்டாடும் ஜொல்லோஃப் சாதம், அதாவது தக்காளியும் மிளகாயும் போட்டுச் சமைக்கும் சிவப்பு சாதம், இங்கே புகைமணத்தோடு வருகிறது.

உணவகங்களுக்குத் தரம் பிரிக்கும் மிச்சலின் கையேடு, 2018-ல் இகோயிக்கு ஒரு ஸ்டாரும், 2022-ல் இரண்டாவது ஸ்டாரும் கொடுத்தது. டயர் தயாரிக்கும் அதே மிச்சலின்தான்! சமையல் உலகில் இந்த ஸ்டாருக்கு இருக்கும் மவுசு சினிமாவில் தேசிய விருதுக்கு இருப்பது மாதிரி.

மிளகிடம் தோற்ற விதை

அந்த மசாலாப் பெட்டியில் முக்கியமான ஒன்று, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பழுப்பு நிற விதை. நம்ம ஏலக்காய், இஞ்சியின் குடும்பம்தான். கடித்தால் மிளகின் காரமும் ஏலத்தின் வாசனையும் சேர்ந்து வரும். ஐரோப்பியர்கள் இதற்கு 'சொர்க்க விதை' என்றே பெயர் வைத்தார்கள். 14, 15-ம் நூற்றாண்டுகளில் அவர்கள் சமையலில் இதற்கு அப்படி ஒரு கிராக்கி. இதை ஏற்றுமதி செய்ததாலேயே இன்றைய லைபீரியாவை ஒட்டிய கடற்கரைக்கு 'மிளகுக் கரை' என்று பெயர் வந்தது.

1498-ல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். இந்திய மிளகு கடல் வழியாக நேரடியாக ஐரோப்பாவுக்குப் போக ஆரம்பித்தது. சொர்க்க விதையின் மவுசு மெல்லக் குறைந்தது. 500 வருடங்கள் கழித்து, லண்டனின் காஸ்ட்லி தட்டுகளில் இப்போது அது திரும்ப வந்திருக்கிறது.

பெட்டியில் இன்னும் சில சொந்தக்காரர்கள் உண்டு. கொல்லிமலையில் மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக்கொடிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு தங்கை உண்டு. பெயர் உசிசா. மிளகு மாதிரியே காரம், கூடவே காம்பு ஒட்டியிருக்கும். 'உடா' என்று ஒரு வாசனைக் காய், நம்ம சீத்தாப்பழத்தின் குடும்பம். சூயா என்ற கம்பியில் கோத்துச் சுடும் கறிக்குத் தூவும் 'யாஜி' பொடியில் நிலக்கடலை, சுக்கு, மிளகாய் சேரும். அதற்கு எண்ணெய் பிழிந்த கடலைச் சக்கையைப் பயன்படுத்துகிறார்கள். நாம் மாட்டுக்கு வைக்கும் கடலைப் புண்ணாக்குதான்!

கம்பு எங்கிருந்து வந்தது?

உறவு மசாலாவோடு முடியவில்லை. நம்ம பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளையும் கம்பு முதன்முதலில் பயிராக்கப்பட்டது மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்தில்தான். மாலி நாட்டில் சுமார் 4,500 வருடங்களுக்கு முந்தைய கம்பு, அகழாய்வில் கிடைத்திருக்கிறது. தட்டைப்பயறுக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்காதான். அங்கிருந்து கடல் தாண்டி வந்து, கம்மங்கூழாகவும் தட்டைப்பயறுக் குழம்பாகவும் நம் வீட்டு ஆட்களாகிவிட்டன.

சமைக்கும் முறையும் ஒத்துப்போகிறது. தட்டைப்பயறை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, எண்ணெயில் பொரித்தால் அங்கே அது 'அகரா'. நம்ம வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அதே மாவை ஆவியில் வேகவைத்தால் 'மொய் மொய்'. வட நைஜீரியாவில் அரிசியை ஊறவைத்து அரைத்து, புளிக்கவைத்து, குழிக் குழியாக இருக்கும் சட்டியில் ஊற்றி 'மாசா' சுடுகிறார்கள். அந்தச் சட்டியை நம் பாட்டியிடம் காட்டினால், "பணியாரச் சட்டிதானே?" என்பார்.

அப்புறம், குச்சிக்கிழங்கு! தென் அமெரிக்காவில் பிறந்த மரவள்ளியை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். இன்று உலகிலேயே அதிகமாக மரவள்ளி விளைவிக்கும் நாடு நைஜீரியா. கிழங்கைத் துருவி, மூட்டையில் கட்டிப் புளிக்கவைத்து, நீரைப் பிழிந்து வறுத்தால் 'காரி'. அதைக் கொதிநீரில் கிளறினால் 'ஈபா'. களி உருண்டை மாதிரி கையால் பிட்டு, குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

நம்மிடம் அதே கிழங்கு வேறு பாதையில் போனது. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்க ஆரம்பித்தார்கள். சேகோ ஆலைகள் பெருகின. 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ லோடு ஏற்றும் விவசாயிக்கு, கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்பதை வைத்துத்தான் விலை. ருசிக்கு விலை யாரும் போடுவதில்லை.

ருசி பழசு, மரியாதை புதுசு

மேற்கு ஆப்பிரிக்கச் சாப்பாடு லண்டனுக்குப் புதிதல்ல. அங்கு குடியேறிய குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வீட்டிலும் சிறு கடைகளிலும் சமைத்ததுதான். 'இதெல்லாம் பெரிய ஹோட்டல் சாப்பாடா?' என்ற பார்வைதான் மாற வேண்டியிருந்தது.

அதை மாற்றியவர்களில் ஒருவர் அடெஜோகே பகாரே. நைஜீரியாவின் கடுனா நகரில் வளர்ந்தவர். 2019-ல் லண்டன் பிரிக்ஸ்டனில் நடந்த சமையல் போட்டியில் ஜெயித்து, 2020-ல் அங்கே மார்க்கெட்டுக்குள் 'சிஷுரு' என்று சின்னதாக ஒரு ரெஸ்டாரன்ட் திறந்தார். 2023-ல் நகரின் மையப்பகுதிக்கு மாறினார். 2024 பிப்ரவரியில் மிச்சலின் ஸ்டார்! பிரிட்டனில் அதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் இவர்தான். அதே நாளில் 'அகோகோ' என்ற இன்னொரு மேற்கு ஆப்பிரிக்க ரெஸ்டாரன்ட்டும் ஸ்டார் வாங்கியது.

இதே கதை தமிழிலும் நடந்திருக்கிறது. நியூயார்க்கின் 'செம்ம' ரெஸ்டாரன்ட் செஃப் விஜய் குமார், நத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போனவர். சின்ன வயதில் வயலில் பொறுக்கிய நத்தையை, 'நத்தைப் பிரட்டல்' என்று அதே பெயரில் மெனுவில் வைத்தார். 2022-ல் மிச்சலின் ஸ்டார் வந்தது. 2025-ல் அமெரிக்காவின் பெருமைமிகு ஜேம்ஸ் பியர்டு விருதை வேட்டி கட்டிப்போய் வாங்கினார். ஏழைச் சாப்பாடு, பணக்காரச் சாப்பாடு என்று எதுவும் இல்லை என்பதுதான் அந்த மேடையில் அவர் சொன்னதன் சாரம்.

சென்னையிலும் ஓர் உதாரணம் உண்டு. ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஹோட்டலின் 'அவர்தனா', தென்னிந்திய ருசிகளை டேஸ்ட்டிங் மெனுவாகத் தருகிறது. நாம் சளி பிடித்தால் குடிக்கும் ரசம்தான் அங்கே ஸ்டார் ஐட்டம். 2025-ல் ஆசியாவின் 50 சிறந்த ரெஸ்டாரன்ட்கள் பட்டியலில் இதற்கு 30-வது இடம்.

30,000 ரூபாய் கொடுத்துச் சாப்பிடுவது நியாயமா என்றால், அது அவரவர் பர்ஸைப் பொறுத்தது. அந்தப் பணத்தில் எவ்வளவு, மசாலா விளைவிக்கும் விவசாயிக்குப் போய்ச் சேருகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், அந்தத் தட்டு ஒரு விஷயத்தைப் புரியவைக்கிறது. பொருள் அதேதான். தன் ஊர்ச் சாப்பாட்டை வெட்கப்படாமல் முன்னால் எடுத்து வைக்க ஒருவர் வந்தபோது, உலகம் அதற்கு நாற்காலி போட்டது.

வீட்டிலேயே செய்யலாம்!

அகரா: ஒரு கப் தட்டைப்பயறு அல்லது வெள்ளைக் காராமணியை ஐந்து மணி நேரம் ஊறவைக்கவும். கையால் தேய்த்தால் தோல் மிதக்கும், அதை நீக்கிவிடவும். தண்ணீர் அதிகம் சேர்க்காமல் கெட்டியாக அரைத்து, ஐந்து நிமிடம் நன்றாக அடித்துக் கலக்கவும். பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகாய் சேர்த்து, உப்பைக் கடைசியாகப் போட்டு, ஸ்பூனால் எடுத்து எண்ணெயில் விட்டுப் பொரிக்கவும்.

யாஜி பாணிப் பொடி: வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை அரை கப், மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், சுக்குத்தூள் ஒரு ஸ்பூன், தேவையான உப்பு. மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தால் எண்ணெய் விடாது. வேகவைத்த நாமக்கல் முட்டையைப் பாதியாக வெட்டி, மேலே தூவிக் கொடுத்துப் பாருங்கள்.

விருந்தாளி வந்துவிட்டால் கம்மங்கூழ்ப் பானையை உள்ளே தள்ளிவிட்டு, ஃப்ரைடு ரைஸ் ஆர்டர் போடும் வீடுகள் நம்ம பக்கம் நிறைய. அடுத்த முறை அந்தப் பானையையே முதலில் வெளியே எடுங்கள். மோர் மிளகாயோடு!