கட்டங்களுக்குள் ஒளிந்த சொல்

ஒருவர் ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கரும்பலகையில் வெற்றுக் கட்டங்களை வரைய, மற்றவர்கள் எழுத்துகளைச் சொல்லிச் சொல்லி அச்சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஆங்கில வகுப்பறைகளில் ‘ஹேங்மேன்’ என்ற பெயரில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தவறு நேரும்போதெல்லாம் தூக்குமரத்தில் தொங்கும் உருவத்தின் ஓர் உறுப்பை வரைவது அங்குள்ள முறை. சிறுவர்களுக்கு அந்தப் படம் வேண்டியதில்லை, பூவொன்றை வரைந்து தவறுக்கு ஓர் இதழாக அழித்துவந்தாலே போதும்.

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே உள்ளன. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் இருப்பதால், ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பூவின் இதழ்கள் தீர்ந்த பிறகும் சொல் அகப்படாது. ஆகவே முதலில் ‘க வரிசை’ என்று கேட்டு, அவ்வரிசை எழுத்து நிற்கும் கட்டங்களை அறிந்துகொண்டு, அது காவா, கொவா, புள்ளி பெற்ற க்கா என்பதை அடுத்த படியில் ஊகிப்பதே தமிழுக்குப் பொருந்தும்.

இவ்வாறு ஆடும்போது குழந்தை தன்னை அறியாமலே இலக்கணத்துக்குள் நுழைந்துவிடுகிறது. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்ற ஒழுங்கை மெய்ம்மயக்கம் என்பர். பவணந்தியாரின் நன்னூல் இதனை விரிவாக வகுத்துரைக்கிறது. டகரத்துக்கு முன் மெல்லினம் வருமானால் அது ‘ண்’ ஆகவும், தகரத்துக்கு முன் ‘ந்’ ஆகவும், றகரத்துக்கு முன் ‘ன்’ ஆகவும் இருக்கும் என்பதை வண்டி, பந்து, பன்றி ஆகிய மூன்று சொற்களை ஆடி முடித்த சிறுவன் தானே கண்டுகொள்வான். ண, ன, ற, ள, ழ ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா என்பதும், முதற்கட்டத்துக்கு அவற்றைக் கேட்டு இதழை இழந்தவர்களுக்கு விரைவில் விளங்கிவிடும்.

எழுத்துப்பிழையைத் திருத்துவதில் இந்த ஆட்டத்துக்குள்ள ஆற்றல் பெரிது. ‘முயற்சி’ என்பதை ‘முயற்ச்சி’ என்று எழுதுவது பெரியவர்களிடமும் காணப்படும் பிழை. பலகையில் இருப்பவை நான்கே கட்டங்கள். ச வரிசையைக் கேட்டதும் கடைசிக் கட்டம் மட்டுமே நிரம்ப, அதற்கு முன்னுள்ள கட்டத்தில் ‘ற்’ வந்து அமர்ந்துவிடுகிறது, ‘ச்’ நிற்க இடமே இல்லை. றகர, டகர மெய்களுக்குப் பின் மற்றொரு வல்லின மெய் வராது என்ற விதியை மனப்பாடம் செய்த மாணவரைவிட, இப்படி இடம் தேடித் தோற்ற மாணவரே கற்பனை, காட்சி போன்ற சொற்களிலும் பின்னர்ப் பிழையின்றி எழுதுவார்.

எனினும், குறிப்பு எதுவும் தராமல் கட்டங்களை மட்டும் வரைந்தால், பொருள் அறியாத சொல்லையும் எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கண்டுபிடித்துவிட முடியும். சொல்வளம் அதனால் பெருகாது. இரண்டு கட்டங்களை வரைந்து ‘குலை தள்ளும்’ என்று சொன்னால் வாழை. அதே இரண்டு கட்டங்களுக்கு ‘நீரில் நீந்தும்’ என்றால் வாளை. முதலெழுத்து ‘வா’ என்று தெரிந்த பிறகும், ழையா, ளையா என்ற முடிவுக்குப் பொருளைத்தான் நாட வேண்டியிருக்கிறது.