சயான் ஆஸ்பத்திரியில் ஒரு தாய்ப்பால் வங்கி

மும்பைத் தீவின் வடகோடி சயான். அதைத் தாண்டி இருக்கும் செம்பூர் ஒரு காலத்தில் வேறு தீவைச் சேர்ந்தது. தாராவித் தமிழர்களுக்குப் பிரசவம் என்றாலும் விபத்து என்றாலும் முதலில் நினைவுக்கு வருவது சயான் ஆஸ்பத்திரிதான். மாநகராட்சி 1947-ல் தொடங்கிய லோகமான்ய திலகர் ஆஸ்பத்திரி என்ற முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஆனால் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி இங்கே இருப்பது பலருக்குத் தெரியாது. 1989-ல் குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் இதைத் தொடங்கினார். குறைமாதத்தில் பிறந்து, எடையும் இல்லாத சிசுவுக்குப் புட்டிப்பால் ஆபத்து. வயிற்றுப்போக்கும் கிருமித் தொற்றும் உயிரைக் குடித்துவிடும். பெற்றவளுக்குப் பால் ஊறச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை என்ன செய்வது?

பால் மிகுந்த தாய்மார்கள் மனமுவந்து தருகிறார்கள். கொடுப்பவருக்கு நோய் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்கிறார்கள். பாலை 62.5 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வைத்து, கிருமி உண்டா என்று பார்த்து, உறைய வைக்கிறார்கள்.

"அடுத்தவள் பாலா?" என்று முகம் சுளிக்கும் மாமியார்கள் நம்மிடையே உண்டு. ஊரில் பெரியம்மாவும் சித்தியும் பிள்ளைக்குப் பால் கொடுத்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்! பால் போதாத தாயும் மிகுந்த தாயும் பிரசவ வார்டு நர்சிடம் சொன்னால் போதும்.

தாராவிக்குள்ளேயே இந்த ஆஸ்பத்திரியின் கிளை உண்டு. 'சோட்டா சயான்' என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.