மடக்கு மின்சார சைக்கிள்... பூ மூட்டையைத் தாங்குமா, போட்ட பணம் தேறுமா?

நிலக்கோட்டை பக்கமிருந்து ஒரு வாசகி கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். 40 சென்ட்டில் மல்லி போட்டிருக்கிறார். விடியற்காலை 4 மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பறிக்க இறங்கினால், 6 மணிக்குப் பூ கையில் இருக்கும். சாதாரண நாளில் 4, 5 கிலோ; சீசனில் 12 கிலோ வரை. பூ மார்க்கெட் 9 கிலோமீட்டர். மகளிருக்கு டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் முதல் பஸ் வந்து சேர்வதற்குள் விலை இறங்கிவிடுகிறது. ஷேர் ஆட்டோவுக்குப் போகவர 60 ரூபாய். அவருக்கு பைக் ஓட்டத் தெரியாது, லைசென்ஸும் கிடையாது. சீட்டுப் பணம் 30,000 ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. செல்போன் விளம்பரத்தில் 24,000 ரூபாய்க்கு மடக்கு மின்சார சைக்கிள் பார்த்திருக்கிறார். '50 கி.மீ. ஓடும், லைசென்ஸ் தேவையில்லை, மடித்து வீட்டுக்குள் வைக்கலாம்' என்று போட்டிருக்கிறதாம். 'காலையில் நான் மார்க்கெட் போய் வந்ததும், பிளஸ் ஒன் படிக்கும் மகள் அதே வண்டியில் 4 கிலோமீட்டர் பள்ளிக்கூடம் போவாள். வாங்கலாமா?' என்பது கேள்வி.

இதே கேள்வியை வேறு வேறு ஊர்க்காரர்களும் கேட்டிருப்பதால், இரண்டு வரிப் பதிலோடு விடாமல் விரிவாகவே பார்த்துவிடலாம்.

லைசென்ஸ் விஷயம்

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கிற பெடல் வைத்த மின்சார சைக்கிள் சட்டப்படி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவு, நம்பர் பிளேட், லைசென்ஸ் எதுவும் வேண்டாம். இந்த வாசகிக்கு அது பெரிய வசதி. ஆனால் '500 வாட் மோட்டார், 45 கி.மீ. வேகம், ஆர்.டி.ஓ. வேண்டாம்' என்று யாராவது விற்றால் கிட்டேயே போகாதீர்கள். அந்தத் திறனுக்குப் பதிவும் லைசென்ஸும் வேண்டும். விபத்து நடந்துவிட்டால் மாட்டிக்கொள்வது ஓட்டினவர், விற்றவர் இல்லை.

50 கிலோமீட்டர் எப்படி வந்தது?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். பேட்டரியில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும்: வோல்ட், ஆம்பியர்-அவர். இரண்டையும் பெருக்குங்கள். விலை குறைந்த மடக்கு சைக்கிள்களில் பெரும்பாலும் 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். பெருக்கினால் 270 வாட்-அவர். பானையில் இருக்கிற தண்ணீர் அவ்வளவுதான். பெடல் போடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் திருகி ஓட்டினால், ஒரு கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-அவர் வரை செலவாகும். ஆள் எடை, சுமை, ஏற்றம், ஆடி மாசத்து எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்தால் 15 என்றே வைத்துக்கொள்வது நல்லது. 270-ஐ 15-ஆல் வகுத்தால் 18 கிலோமீட்டர்.

விளம்பரத்தில் சொன்ன 50 பொய்யென்றும் சொல்ல முடியாது. ஒல்லியான ஆள், சமதளமான தார் ரோடு, பாதிக்குமேல் சொந்தக் காலால் மிதித்தது என்றால் வரும். மிதித்துக்கொண்டே போக நமக்கு எதற்கு மின்சார சைக்கிள் என்று கேட்காதீர்கள். மிதித்தால் பேட்டரி நிஜமாகவே ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு தூரம் வரும். ஆனால் 4 மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் குனிந்து பூப்பறித்த இடுப்போடு தினமும் மிதிக்க முடியுமா என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

வாசகியின் தேவையைக் கூட்டிப் பார்ப்போம். மார்க்கெட் போகவர 18 கிலோமீட்டர், மகள் பள்ளிக்கூடம் போகவர 8 கிலோமீட்டர், ஆக 26. நடுவில் சார்ஜ் போடலாமே என்றால், இந்த சைக்கிள்களோடு வருகிற சார்ஜர் பெரும்பாலும் 2 ஆம்பியர்தான். ஒரு மணி நேரத்தில் 70 வாட்-அவர் ஏறும், அதாவது 5 கிலோமீட்டர் தூரம். 8 மணிக்குத் திரும்பி வந்து, 9 மணிக்கு மகள் கிளம்பினால், சாயங்காலம் அந்தப் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வரும். புது பேட்டரிக்கே இந்த நிலைமை. இரண்டு, மூன்று வருடத்தில் கொள்ளளவு 100-லிருந்து 80-க்கு இறங்குவது சகஜம்.

36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 360 வாட்-அவர். சுமையோடு 24 கிலோமீட்டர். ஒருவருக்குப் போதும், இருவருக்கு இழுபறி.

மடிப்பது யாருக்கு வேண்டும்?

மடக்கு சைக்கிளின் நடு பிரேமில் ஒரு கீல், ஹேண்டில் தண்டில் ஒரு கீல் இருக்கும். ஓட்டுகிறவர் எடையும் சுமையும் பள்ளத்தில் விழுகிற அதிர்ச்சியும் அந்தக் கீல்களில்தான் இறங்கும். கொண்டி தளர்ந்தால் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 'டொக், டொக்' என்று கையில் இடித்தால் கடையில் இருக்கும்போதே ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

மடித்த பிறகு எடை குறையாது என்பதையும் யோசிக்க வேண்டும். 20 கிலோவுக்கு மேல் வரும். அதை பஸ் படியில் தூக்கி ஏற்றுவது யார்? கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்பார், கூட்டமாக இருந்தால் ஏற்றவே மாட்டார். மாடி வாடகை அறையில் இருக்கிறவர், ரயிலில் இறங்கி வேலைக்குப் போகிறவர், காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுபோகிறவர்... இவர்களுக்கு மடிப்பு உதவும். திண்ணையும் மாட்டுக்கொட்டகையும் இருக்கிற வீட்டில், வாங்கின முதல் வாரம் பிள்ளைகள் மடித்து விளையாடுவார்கள். அதோடு சரி.

இன்னொரு சங்கடம் கேரியர். மல்லி எடை இல்லாத சரக்குதான், ஆனால் இடத்தை அடைக்கும். குட்டையான மடக்கு வண்டியில் பின்னால் பூ மூட்டை கட்டினால் குதிகால் இடிக்கும். ஓட்டுபவரோடு சேர்த்து மொத்தம் எத்தனை கிலோ தாங்கும், கேரியர் தனியாக எத்தனை கிலோ தாங்கும் என்று வண்டியோடு வருகிற புத்தகத்தில் இருக்கும். கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல் அதைப் பாருங்கள்.

சக்கரமும் சிறியது. வண்டித்தடம் விழுந்த வரப்புப் பாதையில் பெரிய சக்கரம் ஏறிப் போகிற பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கி நின்றுவிடும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் 20 அங்குலச் சக்கரத்துக்குக் கீழே போக வேண்டாம். சிறுவர் சைக்கிளுக்கும் அதே அளவு இருப்பதால் டியூப், டயர் சின்ன ஊரிலும் அகப்படும்.

உண்மையான விலை பேட்டரியில் இருக்கிறது

என் பக்கத்து ஊரில் ஒருவர் வீட்டில் மடக்கு மின்சார சைக்கிள் ஒன்று கோழி அடையும் இடமாகிவிட்டது. ஒன்றரை வருடம் நன்றாக ஓடியதாம். பிறகு பேட்டரி போனது. விற்ற கம்பெனியின் போன் எடுபடவில்லை. வேறு பேட்டரி மாட்டலாமே என்றேன். பிரேம் குழாய்க்குள்ளேயே செருகுகிற மாதிரி, அந்தக் கம்பெனி அளவுக்கென்றே செய்த பேட்டரி அது. வேறு எதுவும் உள்ளே போகவில்லை. பல மடக்கு சைக்கிள்களில் இந்த அமைப்புதான். பார்க்க அழகாக இருக்கும். கம்பெனி காணாமல் போனால் பிரேமும் சேர்ந்து காயலான் கடைக்குப் போகும்.

அதனால் விலை கேட்கும்போதே புது பேட்டரி என்ன விலை, கன்ட்ரோலர் என்ன விலை, எந்த ஊரில் கிடைக்கும் என்று கேட்டு, வாரண்டியோடு பில்லில் எழுதி வாங்குங்கள். சீட்டுக்குப் பின்னாலோ கேரியரிலோ வெளியே பூட்டுகிற பேட்டரி என்றால், நாளைக்கு வேறு தயாரிப்பைக்கூடப் பொருத்திக்கொள்ள வழி உண்டு. லெட்-ஆசிட் பேட்டரி வைத்த மலிவு வண்டி வேண்டாம். எடை பல மடங்கு, ஆயுளும் குறைவு.

கரண்ட் செலவைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. ஒரு முழு சார்ஜுக்கு அரை யூனிட்கூட ஆகாது. வீட்டு இணைப்பிலேயே போடுங்கள். இலவச விவசாய இணைப்பில் போட்டு வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

இப்போது கணக்கு. மடிக்காத, நல்ல கேரியர் உள்ள 10 ஆம்பியர்-அவர் வண்டி 30,000 ரூபாய், மூன்றாம் வருடம் பேட்டரி 12,000, டயர், பிரேக் கட்டை 3,000 என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்துக்கு 45,000. வருடம் 300 நாள் ஓட்டினால் நாளுக்கு 30 ரூபாய். 24,000 ரூபாய் மடக்கு வண்டி இரண்டு வருடத்தில் பேட்டரியோடு முடிந்துபோனால் நாளுக்கு 40 ரூபாய். ஆட்டோவுக்கு 60. எதை வாங்கினாலும் ஆட்டோவைவிடக் குறைவுதான் என்று தோன்றும். ஆனால் நடுவழியில் நின்ற நாளில் மூட்டையோடு ஆட்டோவும் பிடிக்க வேண்டும், பூ விலையும் போயிருக்கும். அந்தக் கணக்கை நான் சேர்க்கவில்லை.

கடைக்குப் போகும்போது

பையில் 10 கிலோ அரிசியை எடுத்துக்கொண்டு போங்கள். கேரியரில் கட்டி, அரை மணி நேரம் ஓட்டக் கேளுங்கள். 'ஒரு ரவுண்டு போதும்மா' என்கிற கடையில் வாங்க வேண்டாம். ஒரு ஏற்றத்தில் நின்று கிளப்புங்கள். பிறகு பேட்டரியை அணைத்துவிட்டு அரை கிலோமீட்டர் வெறும் காலால் மிதியுங்கள். சார்ஜ் தீர்ந்த நாளில் அப்படித்தான் வீடு வர வேண்டியிருக்கும்.

பின் சக்கரத்தில் மோட்டார் இருப்பதால் பஞ்சர் கடைக்காரர் கழற்றத் தயங்குவார். சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டலாம் என்று சொல்லுங்கள். மோட்டார் ஒயரை மட்டும் முறுக்க விடாதீர்கள். மழையில் ஓட்டலாம், ஆனால் மாட்டைக் கழுவுகிற ஓஸை மோட்டார் பக்கமும் பேட்டரி பக்கமும் திருப்பக் கூடாது. ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். வைக்கோல் பக்கத்திலும், எல்லாரும் தூங்குகிற நேரத்திலும் சார்ஜ் வேண்டாம்.

வாசகிக்கு நேரான பதில்: அந்த 24,000 ரூபாய் மடக்கு வண்டி உங்களுக்கு வேண்டாம், அம்மா. மடிக்காத, பேட்டரியை வெளியே பூட்டுகிற, 10 ஆம்பியர்-அவருக்குக் குறையாத வண்டியைத் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ கடையில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். மகளுக்குப் பழைய சைக்கிளே இப்போதைக்குப் போதும். 4 கிலோமீட்டர் பெரிய தூரமில்லை. அடுத்த வருடம் இன்னும் 40 சென்ட் சேர்த்து மல்லி போடும் எண்ணம் இருந்தால் இதையும் வாங்காதீர்கள். லைசென்ஸ் எடுத்து, கொஞ்சம் கடன் பட்டாலும் பழைய எக்ஸ்.எல். வாங்குவதே சுமைக்கு ஈடு கொடுக்கும். கடையில் ஓட்டிப் பார்த்தபோது பேட்டரி மீட்டரில் எத்தனை கோடு இறங்கியது என்று குறித்து அனுப்புங்கள். அடுத்த இதழ் கேள்வி-பதிலில் அந்த வண்டியின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.