பரணில் இருந்த நெய்வேலி

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு தேதி சின்ன வயதிலேயே மனப்பாடம்: அப்பாவுக்கு அறுபது முடியும் நாள். அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். முப்பது வருஷம் குடியிருந்த வீடு, வாசலில் நாமே வைத்து வளர்த்த மாமரம், கொல்லை முருங்கை எல்லாமே நிலக்கரி நிறுவனத்துக்குச் சொந்தம். சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வடலூருக்கோ, இந்திரா நகருக்கோ, சென்னையில் பிள்ளை வாங்கிய ஃபிளாட்டுக்கோ போய்ச் சேர வேண்டியதுதான்.

நாங்கள் காலி செய்த அன்று பரணிலிருந்து கடைசியாக இறங்கியவை இரண்டு தகரப் பெட்டிகள். ஒன்றில் போட்டோ ஆல்பங்கள். இன்னொன்றில் அறுபதுக்கு மேற்பட்ட பாட்டு கேசட்டுகளும், அக்கா கல்யாணத்தின் மூன்று வீடியோ கேசட்டுகளும். புது வீட்டில் பரண் இல்லை. "இதையெல்லாம் எங்கடா வைக்கிறது?" என்று அம்மா கேட்டாள். அதற்கு நான் கண்ட விடை இப்போது ஹாலில், டி.வி. மேசைக்குக் கீழே, டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவுக்கு ஒரு பெட்டியாக இருக்கிறது. வீட்டுக்கென்று ஒரு சர்வர். படங்கள், பாட்டுகள், வீடியோக்கள் எல்லாம் அதற்குள். டி.வி.யிலோ செல்போனிலோ வேண்டியதைத் தேடி எடுத்துப் பார்க்கலாம்.

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது 1956 நவம்பரில். அதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் ஹார்டு டிஸ்க் வைத்த முதல் கணினியை அறிவித்தது. இரண்டடி அகலத்தில் ஐம்பது தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை. அதில் அடங்கியது ஐம்பது லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் ஐந்து எம்.பி. கூட இல்லை, ஒரு இளையராஜா பாட்டுக்குச் சரியாக இருக்கும். எங்கள் ஊருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் ஒரே வயது என்பது தெரிந்த நாளிலிருந்து இந்தப் பெட்டிமேல் எனக்குத் தனிப் பிரியம்.

அன்றைக்குச் சேமிப்பு என்றால் அதில் ஒரு தேர்வு இருந்தது. பஜாரில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடை இருக்கும். வெள்ளைத் தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் மூன்று நாளில் கேசட் தயார். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. அப்பா மைன்ஸில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கி எழுந்ததும் அந்தப் பட்டியலோடு உட்காருவார். ஒரு பாட்டைச் சேர்த்தால் இன்னொன்றை அடிக்க வேண்டும். அடித்துத் திருத்திய தாள் ஒன்றை ஒரு கேசட் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். அவர் எந்தப் பாட்டை விட மனமில்லாமல் விட்டார் என்பது அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து சர்வரில் போட்டிருக்கிறேன்.

சினிமாவுக்கு டெக். கலர் டி.வி.யும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகை, கூடவே நான்கு கேசட். எங்கள் வரிசையில் பத்து வீடு சேர்ந்து காசு போடும். ஜன்னல் ஓரமாக டி.வி.யைத் திருப்பி வைத்தால் வாசலில் பாய் விரித்து எல்லோரும் பார்க்கலாம். இரண்டாம் ஷிஃப்ட் முடித்து இரவு பத்து மணிக்கு மேல் சைக்கிளில் வருகிறவர்கள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அப்படியே ஓரமாக உட்காருவார்கள். முதல் படம் அவர்களுக்குப் போச்சு. மூன்றாவது படம் கிடைக்கும். பிறகு வி.சி.டி. வந்தது, ஒரு படம் இரண்டு மூன்று தட்டுகளாக. அதன் பிறகு டி.வி.டி. வாசல் கூட்டம் அப்போதே கலைந்துவிட்டது.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரை கடந்தது. டவுன்ஷிப்பின் பெரிய மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்தன. நாட்டுக்கே கரண்ட் கொடுக்கும் ஊர் இருட்டில் கிடந்தது. எங்கள் வீட்டில் ஒரு ஜன்னல் உடைந்து, மழை நேராக அலமாரிக்குள் அடித்தது. ஆல்பத்தைத் திறந்தால் எதிரெதிர்ப் பக்கத்துப் படங்கள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது தாத்தாவின் முகம் பாட்டி படத்தின்மேல் உரிந்து வந்துவிட்டது. தாத்தாவுக்கு இருந்த ஒரே நல்ல படம் அது. நெகட்டிவ் கிடையாது. ஒரே பிரதி மட்டும் இருக்கும் பொருள் பாதி தொலைந்த பொருள்தான் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

செல்போன் வந்ததும் இந்தக் கவலை தீர்ந்தது என்று எல்லோரும் நம்பினோம். 2020 பிப்ரவரியில் 'மாஸ்டர்' படப்பிடிப்பு சுரங்கத்தில் நடந்தபோது விஜய் ஒரு வேன் மேல் ஏறி நின்று ரசிகர் கூட்டத்தோடு செல்ஃபி எடுத்தார். அந்தச் செல்ஃபியை நாடே பார்த்தது. ஆனால் அன்று கீழே நின்ற ஆயிரக்கணக்கானவர்களும் ஆளுக்கொரு படம் எடுத்தார்களே, அவையெல்லாம் எங்கே? பலருடைய போன் மாறிவிட்டது, சிலருடையது தண்ணீரில் விழுந்தது. கூகுள் போட்டோஸில் வரம்பில்லாமல் இலவசமாக ஏற்றும் வசதி 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றது. அதன்பின் ஏற்றுவதெல்லாம் மெயில், ஃபைல் எல்லாவற்றுக்கும் சேர்த்த 15 ஜி.பி. கணக்கில் வரும். நிரம்பினால் மாதக் கட்டணம், அல்லது பழையதை அழிக்க வேண்டும். மறுபடியும் ஒரு குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. இந்த முறை படங்களுக்கு.

அதனால்தான் சொந்தப் பெட்டி. முதலில் வீட்டில் சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் ஏற்றிப் பழகினேன். யாருக்கும் அதுவே நல்ல தொடக்கம். செலவில்லை, கெட்டாலும் கவலையில்லை. ஆனால் அது சும்மா இருக்கும்போதே அறுபது வாட் தின்றது. சர்வர் இரவு பகல் ஓடுவது. அறுபது வாட் என்றால் மாதம் நாற்பத்து மூன்று யூனிட். பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ எரிய வேண்டும். மாதம் நாற்பத்து மூன்று கிலோ, கிட்டத்தட்ட ஒரு மூட்டைக் கரி, என் பாட்டுக்கும் படத்துக்குமாக. ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்குக் குறையாமல் மேல்மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும் என்பதை அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். மனசு ஒப்பவில்லை. பத்து வாட்டில் ஓடும் சின்ன மினி பி.சி.க்கு மாறினேன். இப்போது மாதம் ஏழு கிலோ. வேறு ஊரில் இருப்பவர்களுக்கு இது வெறும் மின்கட்டணமாகத் தெரியலாம். நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு வாட்டைக் கேட்டாலே கரி கண்முன் வரும்.

மினி பி.சி.யோடு நான்கு டெராபைட் டிஸ்க் இரண்டு. டிஸ்க் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கடையில் கேட்டே ஆக வேண்டும். சில டிஸ்க்குகள் தகவலை ஓடு வேய்வதுபோல ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறி நிற்கும்படி எழுதும், எஸ்.எம்.ஆர். என்று பெயர். விலை குறைவு, ஆனால் திருத்தி எழுதும்போது பக்கத்து ஓடுகளையும் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் திணறும். சர்வருக்கு, வரிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் தனித்தனியாக எழுதும் சி.எம்.ஆர். டிஸ்க்தான் சரி.

படம் காட்டும் வேலைக்கு ஜெல்லிஃபின். எம்பி என்ற மென்பொருள் தன் மூல நிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் தன்னார்வலர்கள் அதிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்தது இது. காசில்லை, விளம்பரமில்லை. நம் சொந்த டி.வி.டி.க்களைப் பிரதி எடுத்து அதில் வைத்தால் போஸ்டரோடு அடுக்கிக் காட்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டைச் சேர்த்து எழுத வேண்டும். 'பில்லா' 1980-லும் உண்டு, 2007-லும் உண்டு. 'தில்லு முல்லு' 1981-லும் உண்டு, 2013-லும் உண்டு. ஆண்டு போடாவிட்டால் ரஜினி படத்துக்கு அஜித் போஸ்டர் வந்து நிற்கும். செல்போன் படங்களுக்கு இம்மிச் என்று இன்னொன்று. போன் வீட்டு வைஃபைக்குள் வந்ததும் தானாகவே புதுப் படங்களைச் சர்வருக்கு அனுப்பிவிடும்.

வெளியூரிலிருந்து பார்ப்பதுதான் எனக்கு நாள் பிடித்தது. நம் இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைக் கொடுப்பதால் வெளியிலிருந்து நேராக நம் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அதைச் சுற்றிப் போக வழி செய்யும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டதும் அமெரிக்காவில் இருக்கும் அக்கா தன் கல்யாண வீடியோவை அங்கிருந்தே பார்த்தாள்.

பராமரிப்பு என்று பார்த்தால் எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்று தூசி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேனைத் துடைக்கிறேன். பிரஷ் நுனியில் வருவது சாம்பல் பூத்த மென்மையான பொடி, விரலில் தேய்த்தால் பவுடர் மாதிரி வழுக்கும். அப்பாவின் சட்டைக் காலரில் அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்த அதே நிறம்.

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி வைத்திருக்கிறேன்; ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். இதையே பாதுகாப்பு என்று நம்பிப் பலர் நின்றுவிடுகிறார்கள். தவறு. ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஒரு ஃபோல்டரை அழித்தேன், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழிந்தது. தப்பித்தது சென்னையில் தம்பி வீட்டு அலமாரியில் இருந்த மூன்றாவது டிஸ்க்கால். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அதை எடுத்துவரச் சொல்லிப் புதியவற்றை ஏற்றி அனுப்புகிறேன். தானே அடித்த ஊர்க்காரனுக்கு, ஒரு பிரதி வேறு ஊரில் இருந்தே தீர வேண்டும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீடியோ கேசட்டுகளை மாற்றுவதுதான் பெரிய பாடு. மூன்றில் ஒன்றில் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை. நல்ல டெக் கிடைப்பதே அரிது, பூஞ்சையோடு ஓட்டினால் அதன் ஹெட்டும் போய்விடும். துடைத்துத் துடைத்து ஓட்டியும் கடைசி இருபது நிமிஷம் மீளவில்லை. மீண்டதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். தாலி கட்டும் இடத்தை அவர் பேசாமல் பார்த்தார். பந்தி வந்ததும் சட்டென்று, "நிறுத்துடா, நிறுத்து" என்றார். சாம்பார் வாளியோடு ஒருவர் குனிந்து நிற்கிறார். "மைன்ஸ்ல என்கூட பக்கெட் வீல் மெஷின்ல இருந்தாருடா. எல்லா வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளா வந்து நிப்பாரு." அவர் இறந்து பல வருஷம் ஆயிற்று. அந்த நான்கு விநாடியை வெட்டி எடுத்து அவர் மகனுக்கு அனுப்பினேன். அவர்கள் வீட்டில் அவர் நடமாடும் வீடியோ ஒன்றுகூட இல்லையாம்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு மட்டுமானது அல்ல என்று தோன்ற ஆரம்பித்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த படம் எங்கும் கிடைக்கும். 1962-இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதற்கும் அலுவலகப் படங்கள் இருக்கும். ஆனால் அதன் கேன்டீனில் டீ குடித்தவர்கள், குவார்ட்டர்ஸ் வரிசையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டவர்கள் எல்லாம் வீட்டு ஆல்பங்களில் மட்டுமே இருக்கிறார்கள். இதைவிட வலிப்பது இன்னொன்று. இந்தச் சுரங்கத்துக்காக வீடும் கொல்லையும் கோயிலும் விட்டுப் போன கிராமத்து மக்களில் எத்தனை பேரிடம் தங்கள் தெருவின் ஒரு படமாவது இருக்கும்? கேமரா இல்லாத காலத்தில் எழுந்து போனவர்கள் அவர்கள். அந்தத் தெருக்கள் இருந்த இடத்தில் இன்று பல மாடி ஆழத்துக்குப் பள்ளம். அங்கே பிறந்த பெரியவர்கள் சிலராவது இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதை ஒரு செல்போனில் பதிந்து வைத்தால்கூட ஒரு மணி நேரப் பேச்சு ஐம்பது அறுபது எம்.பி.யைத் தாண்டாது.

நெய்வேலிக்காரர்கள் எந்த ஊரில் இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். சர்வர் வைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு டிஸ்க் வாங்குங்கள். இந்த ஐப்பசி மழைக்கு முன் பரணில் இருக்கும் பெட்டியை இறக்கி, கேசட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து நாடாவில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் டெக்கில் போடாதீர்கள், முதலில் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆல்பத்தில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல், இருக்கிறபடியே போட்டோ எடுத்துவிடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர், டவுன்ஷிப்பில் அவர்கள் இருந்த வட்டம், தெரு இவற்றை அப்பா அம்மாவிடம் கேட்டு இன்றைக்கே எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது அதில் இருந்தால் ஒரு பிரதியை அவர்கள் வீட்டுக்கும் அனுப்புங்கள்.